ஊருக்கு ஒரே கடை: எந்தச் சரக்குக்குப் பொருந்தும்?

ஒரு வட்டாரத்தில் தன் சரக்கை விற்கும் உரிமையை ஒரே வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, அந்த எல்லைக்குள் வேறு யாருக்கும் சரக்கு அனுப்புவதில்லை என்று ஒரு நிறுவனம் ஒப்புக்கொள்வதே தனியுரிமை விநியோகம். கடைவீதியில் இதை ‘சோல் ஏஜென்சி’ என்பார்கள். ‘அந்தக் கம்பெனி ஏரியா அவர்கிட்ட இருக்கு’ என்றும் சொல்வதுண்டு. பெரும்பாலும் இந்த உறுதி இரு பக்கத்தையும் கட்டும். நிறுவனம் இன்னொரு கடையைத் தேடிப் போகாது; பதிலுக்கு வியாபாரி போட்டி நிறுவனத்தின் சரக்கைத் தன் கடையில் அடுக்க மாட்டார். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. ஏரியாவைக் கொடுத்துவிட்டு மற்றச் சரக்குகளை விற்கத் தடை போடாத ஒப்பந்தங்கள் உண்டு. போட்டிச் சரக்கை விற்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த தெருவிலேயே இரண்டாவது டீலரை நியமிக்கும் நிறுவனங்களும் உண்டு; ஏஜென்சி எடுக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

இந்த ஏற்பாட்டில் நிறுவனம் கைவிடுவது கடைகளின் எண்ணிக்கையை. அதற்கு ஈடாகப் பெறுவது வியாபாரியின் கைக்காசை: ஷோரூம், சரக்கு இருப்பு, பயிற்சி பெற்ற மெக்கானிக், உள்ளூர் விளம்பரம். ஒரே ஊரில் ஐந்து பேர் அதே பொருளை விற்றால் இந்தச் செலவைச் செய்ய யாருக்கும் மனம் வராது. ஒருவர் குளிர்சாதன வசதியோடு கடை வைத்து, ஆள் போட்டு, பொருளை இயக்கிக் காட்டி விளக்குவார். வந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்தச் செலவும் செய்யாத எதிர்க்கடையில் 200 ரூபாய் குறைத்து வாங்கிப் போவார். ஓராண்டில் விளக்குகிற கடை மூடப்படும். பிறகு அந்தப் பொருளை விளக்க ஊரில் ஆளே இருக்காது. இதனால்தான் விநியோகத்தைத் திட்டமிடும்போது எழும் முதல் கேள்வி, இதை விற்க யாராவது முன்கூட்டியே பணம் போட்டாக வேண்டுமா என்பது. போட்டாக வேண்டும் என்றால் அந்தப் பணத்துக்கு ஒரு காவல் தேவை. ஏரியா உரிமை அந்தக் காவல். போட வேண்டியதில்லை என்றால், அதே உரிமை விற்பனையை நெரிக்கும் வேலியாகிவிடும்.

பொருள்களை வாங்கும் பழக்கத்தைக் கொண்டு பிரிக்கும் முறை நூறாண்டு பழையது. ஹார்வர்டு பேராசிரியர் மெல்வின் கோப்லண்ட் 1923இல் அதை மூன்றாக வகுத்தார். கைக்கெட்டிய இடத்தில் வாங்குபவை முதல் வகை: தீப்பெட்டி, சோப்பு, பிஸ்கட். நாலு கடை ஏறி இறங்கி, விலையும் தரமும் ஒப்பிட்டு வாங்குபவை இரண்டாவது: துணி, மிக்சி, கட்டில். இன்னதுதான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, இருக்கும் இடத்தைத் தேடிப் போய் வாங்குபவை மூன்றாவது. முதல் வகைக்கு எல்லாக் கடைகளும், இரண்டாவதற்குத் தேர்ந்தெடுத்த சில கடைகள், மூன்றாவதற்கு ஒரே கடை என்று பாடநூல்கள் இன்றும் சொல்கின்றன. தொடக்கத்துக்கு இது போதும். ஆனால் ஒரு பொருள் எந்த வகை என்பதை அதன் தன்மை மட்டும் தீர்மானிப்பதில்லை. விற்கும் முறையாலேயே ஒரு பொருளை ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாம். அதற்கு இந்தியாவில் கிடைக்கும் நல்ல சான்று ஓசூரில் இருக்கிறது.

2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பெங்களூருவுக்கு 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இங்கே கைக்கடிகாரம், மொபெட், லாரி, நகை, மின்சார ஸ்கூட்டர் எல்லாம் உற்பத்தியாகின்றன. அதே மாவட்டத்தில் மாங்கூழ் ஆலைகளும் ரோஜாப் பண்ணைகளும் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் இந்த எல்லைப் பகுதியில், விநியோகத்தின் எல்லா வகைகளையும் ஒரு நாள் பயணத்தில் பார்த்துவிடலாம்.

டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில்தான் தன் முதல் தொழிற்சாலையை அமைத்தது. அதுவரை இந்தியச் சந்தையில் பெரிய பெயர் எச்.எம்.டி.; ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961 முதல் பெங்களூருவில் கடிகாரம் செய்துவந்த பொதுத்துறை நிறுவனம். அன்றைய கடிகாரக் கடை என்பது பெரும்பாலும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் பின்னால் ஒற்றைக்கண் லென்ஸ் மாட்டிக்கொண்டு குனிந்திருக்கும் பழுதுபார்ப்பவர். கைக்கடிகாரம் மணி பார்க்கும் கருவி, ஆயுளுக்கு ஒன்று போதும் என்ற எண்ணமும் அந்தக் கடையோடு சேர்ந்தது. டைட்டன் கொண்டுவந்ததோ பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம். அதை நகைபோல, பரிசுபோல விற்க வேண்டும் என்று அதன் நிர்வாக இயக்குநர் செர்க்ஸஸ் தேசாய் முடிவு செய்தபோது, பழைய கடை அதற்குப் பொருந்தவில்லை. சாவி கொடுத்து, எண்ணெய் போட்டு, பிரித்து மாட்டிப் பிழைத்த தொழிலுக்கு, அடிக்கடி பழுதாகாத கடிகாரத்தைப் புகழ்ந்து விற்பதில் என்ன அக்கறை இருந்திருக்க முடியும்?

1987இல் பெங்களூரு சஃபீனா பிளாசாவில் டைட்டன் தனக்கென ஷோரூம் திறந்தது. நல்ல வெளிச்சம், கையில் மாட்டிப் பார்க்க வசதி, பல மாடல்கள், எழுதிய விலை. கடிகாரம் மட்டுமே, அதிலும் ஒரே நிறுவனத்தின் கடிகாரம் மட்டுமே விற்கும் கடை அன்று புதுமை. பிறகு ஊர் ஊராக உள்ளூர் வியாபாரிகளிடம் இந்தக் கடைகளை நடத்தும் உரிமை கொடுக்கப்பட்டது. ஒப்பிட்டு வாங்கும் பொருளாக இருந்த கைக்கடிகாரத்தைத் தேடிப் போய் வாங்கும் பொருளாக மாற்றியதில் விளம்பரத்துக்கு இருந்த பங்கு இந்தக் கடைகளுக்கும் உண்டு. அதே சமயம் பழைய கடிகாரக் கடைகளை டைட்டன் கைவிட்டுவிடவில்லை. அங்கும் சரக்கு போனது. முழுத் தனியுரிமையும் இல்லாமல், முழுத் திறந்த சந்தையும் இல்லாமல், இரண்டையும் அருகருகே ஓடவிட்ட ஏற்பாடு அது.

குறைந்த விலைக் கடிகாரத்துக்கு அதே நிறுவனம் வேறு வழி எடுத்தது. சொனாட்டா என்ற பெயரில் வந்த அந்தக் கடிகாரங்கள், பல நிறுவனச் சரக்கு விற்கும் சாதாரணக் கடைகளில் பரவலாகக் கிடைத்தன. ஊத்தங்கரையிலோ அஞ்செட்டியிலோ சில நூறு ரூபாய்க்குக் கடிகாரம் வாங்குகிறவர் அதற்காக கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏற மாட்டார். பக்கத்துக் கடையில் எது இருக்கிறதோ அதை வாங்குவார். இரண்டுக்கும் தாய் நிறுவனம் ஒன்று, பொறியும் கிட்டத்தட்ட ஒன்று. வாங்குகிறவர் அதற்காக எவ்வளவு தூரம் வருவார் என்பதுதான் வேறு.

நகையில் நிலைமை இன்னும் கூர்மை. டைட்டனின் தனிஷ்க் நகைகளும் ஓசூரில் தயாராகின்றன. அதன் முதல் கடை 1996இல் சென்னை கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்டது. தங்கம் வாங்கத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக ஒரே கடைக்குப் போகும். அந்த நகைக்கடைக்காரர் கிட்டத்தட்ட வீட்டு மனிதர். அவரிடமே தன் நகையைக் கொடுத்து விற்கச் சொன்னால் ஒரு புதிய பெயர் எப்படி நிற்கும்? போதாக்குறைக்கு, தொடக்கத்தில் தனிஷ்க் விற்றது 18 காரட் நகை. 22 காரட்டுக்குப் பழகிய சந்தை அதைச் சீந்தவில்லை. நிறுவனம் 22 காரட்டுக்கு மாறியது. தங்கத்தை உருக்காமல், உரசாமல் தூய்மையைக் காட்டும் ‘காரட்மீட்டர்’ கருவியை 1990களின் இறுதியில் கடைகளில் வைத்து, யார் வேண்டுமானாலும் தங்கள் பழைய நகையைக் கொண்டுவந்து சோதித்துப் பார்க்கலாம் என்றது. வேறு கடையில் 22 காரட் என்று வாங்கியது உண்மையில் எவ்வளவு என்று பலருக்கும் அங்கேதான் தெரிந்தது. பல நிறுவன நகை விற்கும் ஒரு கடைக்காரர் இந்தக் கருவியைத் தன் கல்லாவுக்குப் பக்கத்தில் வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கருவியைவிடக் கடை யாருடையது என்பதே அங்கே முக்கியமானது.

இத்தகைய கடைகளில் சரக்குக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. கடையும் சரக்கும் நிறுவனத்துடையதாக இருக்கலாம். சரக்கு நிறுவனத்துடையதாகவும், கடை நடத்துவது உள்ளூர்க்காரராகவும் இருக்கலாம். கடை, சரக்கு இரண்டையும் உள்ளூர்க்காரரே பணம் போட்டு வாங்கலாம். தனிஷ்க் மூன்று வகையிலும் கடைகள் வைத்திருக்கிறது. தங்கத்தின் விலை நாள்தோறும் ஏறி இறங்குவதால் சரக்கு இருப்பே பெரிய சுமை. மூன்றாவது வகையில் அதைத் தூக்குகிறவர் அந்த ஊரில் தனக்கு இன்னொரு பங்காளி வரக் கூடாது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே தனியுரிமையின் அளவு, வியாபாரி போடும் முதலின் அளவோடு ஒத்துப்போக வேண்டும். வெறும் கமிஷனுக்கு விற்கிறவருக்கு மாவட்டத்தையே எழுதிக் கொடுப்பதும், கோடிகளைக் கொட்டியவருக்கு ஒரு தெருவைக்கூட உறுதி செய்யாததும் ஒரே மாதிரியான தவறுகள்.

லாரியில் இந்தக் கணக்கு மிகத் தெளிவு. சென்னையில் 1948இல் தொடங்கிய அசோக் லேலண்ட், 1980இல் ஓசூரில் தொழிற்சாலை அமைத்தது. லாரியை யாரும் போகிற போக்கில் வாங்குவதில்லை. நாமக்கல், சங்ககிரி லாரி முதலாளிக்கு வாங்கும் விலையைவிட வண்டி நின்றுபோகும் நாள்கள்தான் கவலை. கியர்பாக்ஸ் உடைந்து கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிப் பக்கம் வண்டி மூன்று நாள் நின்றால் வாடகை போச்சு, டிரைவர் படி போச்சு, சரக்குக்காரர் உறவும் போச்சு. ஆகவே லாரி டீலர் என்பவர் முதலில் ஒரு பட்டறைக்காரர், உதிரிபாகக் கிடங்குக்காரர். விற்பனை அதற்குப் பிறகு. அப்படி ஒரு பட்டறைக்கு நிலம், லிஃப்ட், கருவிகள், பல லட்சம் ரூபாய் உதிரிபாக இருப்பு எல்லாம் வேண்டும். டி.வி.எஸ். போன்ற பெரிய குடும்ப நிறுவனங்கள் பல மாவட்டங்களைச் சேர்த்து லேலண்ட் டீலராக இருந்ததற்குக் காரணம் இதுதான். வாங்குபவர் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு விற்பனையும் பெரிது, விற்ற பிறகான வேலை பத்தாண்டுக்கு நீளும்: இந்த மூன்றும் கூடும் இடத்தில் பரந்த எல்லைக்கு ஒரே டீலர் என்பது இயல்பாகவே அமைகிறது.

இருசக்கர வாகனம் இதற்கு ஒரு படி கீழே. 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, பால்காரருக்கும் துணி மூட்டைக்காரருக்கும் போய்ச் சேர வேண்டிய வண்டி. பெரிய ஊரில் ஒரு டீலர், அவருக்குக் கீழே சிற்றூர்களில் சப்-டீலர்கள் என்ற அடுக்கு இத்தகைய வண்டிக்குப் பொருந்தும். மேல் அடுக்கில் தனியுரிமை, கீழ் அடுக்கில் பரவல். கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருந்ததால் டீலர் பட்டறை தூரத்தில் இருந்தாலும் பெரிய குறையாகத் தெரியவில்லை.

மின்சார ஸ்கூட்டர் வந்ததும் அந்தச் சௌகரியம் போய்விட்டது. பேட்டரி, கன்ட்ரோலர், மென்பொருள் ஆகியவற்றைத் தெரு மெக்கானிக் தொட முடியாது. இந்த மாவட்டத்திலேயே இரண்டு நிறுவனங்கள் இரண்டு வழியில் போயின. ஏதர் எனர்ஜி 2018இல் முதலில் பெங்களூருவில் மட்டும் விற்றது, அடுத்து சென்னைக்கு வந்தது. 2021 முதல் ஓசூர்த் தொழிற்சாலையில் உற்பத்தி செய்கிறது. ஒவ்வொரு நகரத்திலும் தன் வண்டி மட்டுமே நிற்கும் கடையை, பெரும்பாலும் உள்ளூர் முதலீட்டாளரைக் கொண்டு திறந்த பிறகே அங்கே விற்பனையை விரித்தது. போச்சம்பள்ளியில் பெரும் தொழிற்சாலை கட்டிய ஓலா எலக்ட்ரிக், டீலரே வேண்டாம் என்றது. 2021 ஜூலையில் 499 ரூபாய் கட்டி இணையத்தில் முன்பதிவு. ஒரு நாளிலேயே ஒரு லட்சம் பதிவு. டீலர் மார்ஜின் மிச்சம், விலையும் தன் கையில், நாடு முழுவதும் ஒரே நாளில் கடை திறந்த மாதிரி. விற்பனைக்கு அது எடுத்த வேகத்தைப் பழைய முறை எடுத்திருக்காது. ஆனால் விற்ற வண்டி பழுதானால் தள்ளிக்கொண்டு போக ஒரு இடம் வேண்டுமே. பின்னர் ஓலா தானே நேரடியாகக் கடைகளைத் திறக்கத் தொடங்கியது. 2024 டிசம்பர் 25 அன்று அந்த எண்ணிக்கையை 4,000க்குக் கொண்டுபோனதாக அறிவித்தது. அதற்குச் சற்று முன், அதே ஆண்டு அக்டோபரில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார்கள் தொடர்பாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்திடம் விளக்கம் கேட்டிருந்தது. டீலரை நீக்கினால் டீலருடைய லாபம் நிறுவனத்துக்கு வரும். அவர் செய்துவந்த வேலையும் கூடவே வரும்.

உதிரிபாகம் தனிக் கதை. அங்கே தனியுரிமையை விரும்புவது நிறுவனம் மட்டுமே. அசல் பாகம் தன் டீலரிடம் மட்டும் கிடைத்தால் போலிச் சரக்கு குறையும் என்பது அதன் வாதம். பேரிங், பிரேக் போன்றவற்றில் அந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் வண்டியை வாங்கிவிட்டவர் வேறெங்கும் போக முடியாத நிலையில், பாகத்தின் விலை எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம். வெளிப்பட்டறைகளுக்கு உதிரிபாகமும் பழுதறியும் கருவியும் கொடுக்க மறுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் சிலருக்கு அது குறைந்தது. குறை என்று சொல்லப்பட்ட நடைமுறை என்னவோ அதுதான். பெங்களூரு ஜே.சி. சாலையிலும் சென்னை ஜி.பி. சாலையிலும் ஓசூரில் செய்த பாகங்கள் தாராளமாகக் கிடைப்பது வண்டி வைத்திருப்பவருக்குக் கிடைத்த பாதுகாப்பு.

அன்றாடச் சரக்கு முற்றிலும் வேறு. சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் பெட்டிக்கடை வரை தொங்க வேண்டும். அங்கே இல்லாவிட்டால் வாங்குபவர் காத்திருக்க மாட்டார், பக்கத்தில் தொங்கும் இன்னொன்றைக் கிழித்துக்கொண்டு போவார். அதற்காக ஏரியா உரிமை இல்லை என்று நினைக்க வேண்டாம். நிறுவனம் ஓசூருக்கு ஒரு ஸ்டாக்கிஸ்ட், கிருஷ்ணகிரிக்கு ஒருவர் என்று பிரித்து வைத்திருக்கும். திங்கள்கிழமை ஒரு லைன், செவ்வாய்க்கிழமை ஒரு லைன் என்று அவருடைய வேன் கடை கடையாகப் போகும். ஒரே கடைக்கு இரண்டு வேன்கள் வந்தால் இரண்டின் டீசலும் வீண். எனவே கடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லாத இந்தச் சரக்கிலும், நடுவில் நிற்கும் ஒரு அடுக்கு தனியுரிமையாகவே இருக்கிறது. ‘எல்லாக் கடையிலும் கிடைக்கும்’ என்பதும் ‘ஊருக்கு ஒரே ஏஜென்சி’ என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இந்த ஏரியா ஒழுங்கை உடைப்பது மொத்த வியாபாரி: மாதக் கடைசியில் டார்கெட் முடிக்கத் தவிக்கும் ஒரு ஸ்டாக்கிஸ்டிடம் தள்ளுபடியில் அள்ளி, அடுத்தவர் ஏரியாவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

அழுகும் சரக்குக்கு இந்த முறை ஆகாது. கிருஷ்ணகிரி மாம்பழமும் ஓசூர் ரோஜாவும் ஒரே வாங்குபவரை நம்பி நின்றால், அவர் வேண்டாம் என்ற மறுநாளே குப்பை. பிப்ரவரியில் காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ரோஜாவுக்கு எத்தனை வாசல் திறந்திருக்கிறதோ அத்தனை நல்லது. டின்னில் அடைத்த தோத்தாபுரிக் கூழ் மாதக்கணக்கில் நிற்கும் என்பதால் ஆலைக்காரருக்குச் சற்று மூச்சுவிட இடம் உண்டு, விவசாயிக்கு இல்லை.

பாலும் அழுகும் பொருள்தான். ஆனால் அங்கே தனியுரிமை விற்பனையில் இல்லாமல் கொள்முதலில் இருக்கிறது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் வழியே, ஒரு மாநிலக் கூட்டுறவின் பால் பரப்பில் இன்னொன்று நுழைவதில்லை என்ற எழுதாத ஒழுங்கு பரவியது. அமுல் நிறுவனம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குளிரூட்டும் மையங்களும் பதப்படுத்தும் ஆலையும் அமைத்து, சுற்றுவட்ட மாவட்டங்களில் பால் கொள்முதல் செய்யத் திட்டமிடுவதாகவும், அதைத் தடுக்க வேண்டும் என்றும் முதல்வர் மு.க. ஸ்டாலின் 2023 மே 25 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். தமிழ்நாட்டுக் கூட்டுறவான ஆவின் பக்கத்து வாதம் தனியுரிமைக்கான செவ்வியல் வாதம்: ஊர் ஊராகச் சங்கம், கால்நடை மருத்துவம், தீவனம் என்று செலவிட்டவர் ஒருவர், நல்ல விலை சொல்லிப் பாலை மட்டும் எடுத்துப் போகிறவர் இன்னொருவர். மாடு வைத்திருப்பவர் பக்கத்து வாதமும் எளிது: லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுப்பவருக்கு ஏன் ஊற்றக் கூடாது? இரண்டு வாதங்களும் சரியாக இருப்பதால்தான் இந்த விவகாரம் எந்த மாநில எல்லைக்குப் போனாலும் சூடாகிறது.

எல்லைப் பகுதிக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. 2017 ஜூலை 1 வரை, வேறு மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி. அதைத் தவிர்க்க நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு டெப்போ வைத்தன. ஏரியாவும் மாநில எல்லையோடு நின்றது. 40 கிலோமீட்டரில் பெங்களூரு கிடங்கு இருக்க, ஓசூர் வியாபாரிக்குச் சரக்கு சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையிலிருந்து வந்தது இப்படித்தான். ஜி.எஸ்.டி. வந்து ஜூஜூவாடி, அத்திப்பள்ளி பக்கத்து வணிகவரிச் சோதனை போன பிறகு அந்தக் காரணம் மறைந்தது. ஆனால் நிறுவனங்களின் விற்பனை வரைபடம் வரிச்சட்டத்தைவிட மெதுவாகத்தான் மாறுகிறது. வண்டிகளில் எல்லை இன்னும் உயிரோடு இருக்கிறது. கர்நாடகத்தின் ஆயுள் வரி நாட்டிலேயே உயர்ந்தவற்றுள் ஒன்று என்பதால், பெங்களூருக்காரர் சிலருக்கு ஓசூரின் டி.என். 70 பதிவெண் மேல் ஒரு கண். ஆனால் வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

எல்லை தாண்டி வந்து வாங்குபவரை டீலர் திருப்பி அனுப்ப வேண்டுமா? ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்கு 1966இலேயே பதில் வந்தது. ஜெர்மனியின் கிரண்டிக் நிறுவனம் பிரான்சில் கான்ஸ்டன் என்ற வியாபாரிக்கு மட்டும் உரிமை கொடுத்து, வேறு வழியில் ஒரு பெட்டிகூட உள்ளே வராதபடி தடுக்க முயன்றது. ஒரே வியாபாரியை நியமிக்கலாம், ஆனால் நாட்டைச் சுற்றிப் பூட்டுப் போட முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3(4), தனியுரிமை விநியோகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அது தன்னளவில் குற்றம் இல்லை. போட்டிக்குக் கணிசமான கேடு விளைந்தால் மட்டுமே செல்லாது. சிறு நிறுவனம் ஒன்று மாவட்டத்துக்கு ஒரு ஏஜென்ட் வைப்பதால் அப்படிக் கேடு விளைவது அரிது. சிக்கல் வருவது, ஏரியாவோடு நிற்காமல் விலையையும் பிடிக்கும்போது. டீலர்கள் தங்கள் விருப்பப்படி தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று தடுத்ததற்காக மாருதி சுசுகிக்கு 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஹூண்டாய்க்கு 2017இல் விதித்த 87 கோடி ரூபாய் அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அடுத்த ஆண்டே நீக்கியது.

ஓசூரின் சிறுதொழிற்கூடங்களுக்கு, தனியுரிமை கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு பெரிய நிறுவனங்களைவிடக் கடினம், ஏனெனில் அவை தவறினால் எழுந்து நிற்க இடம் குறைவு. பெரிய ஆலைக்குப் பாகம் செய்துகொடுத்தே பழகிய ஒரு கூடம், லேத்துக்கான கூலன்ட் பம்ப் ஒன்றைத் தன் பெயரில் சந்தைக்குக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் யாருக்கும் தெரியாது. நாலு கடையில் வைத்தால் நாலு பேரும் அதை அலமாரியின் மூலையில் போட்டுவிட்டு, தெரிந்த பெயரை விற்பார்கள். ஒருவருக்கு மட்டும் கோவையையோ பெங்களூருவையோ எழுதிக் கொடுத்தால், அவர் பட்டறை பட்டறையாக ஏறி விற்க ஒரு காரணம் இருக்கும். ஆகவே புதிய சரக்குக்குத் தனியுரிமை பெரும்பாலும் நல்ல தொடக்கம். ஆபத்து, அது தொடக்கத்தோடு நிற்காதபோது. பம்ப் நன்றாகப் பெயரெடுத்து, ஐம்பது பட்டறைகள் தாமாகவே கேட்டு வரும் நாளில், அந்த ஒருவரே வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். இன்னொரு வகை ஏஜென்டும் உண்டு: போட்டி நிறுவனத்தின் பம்பை நன்றாக விற்றுக்கொண்டே, புதியது வளரக் கூடாது என்பதற்காகவே அதன் உரிமையையும் வாங்கிப் பரணில் போட்டுவிடுபவர்.

அதனால் ஒப்பந்தத்தில் ‘ஏரியா’ என்ற சொல்லைவிட அதைச் சுற்றியுள்ள வரிகள் முக்கியம். எல்லையை மாவட்டப் பெயராலோ அஞ்சல் குறியீட்டாலோ எழுத வேண்டும். ‘ஓசூர் மற்றும் சுற்றுவட்டாரம்’ என்று எழுதினால் சூளகிரி யாருடையது என்ற சண்டை நிச்சயம். ஆண்டுக்கு இவ்வளவு எடுக்க வேண்டும் என்று குறைந்த அளவு இருக்க வேண்டும்; எடுக்கத் தவறினால் தனியுரிமை மட்டும் போய், சாதாரண டீலர் உரிமை தொடரும் என்று எழுதுவது இரு பக்கத்துக்கும் நல்லது, உறவும் முறியாது. நிறுவனமே இணையத்தில் விற்றால் அந்த ஏரியாவிலிருந்து வரும் ஆர்டருக்கு டீலருக்குக் கமிஷன் உண்டா என்பதை இன்று எழுதாமல் விட முடியாது. ஆலைகள் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் என்ன செய்வது என்பதையும் அப்படியே. முதல் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் போகாமல் இருப்பது வழக்கமாகவே நல்லது. ஆனால் டீலர் ஐந்தாண்டு வாடகைக்குக் கடை எடுக்க வேண்டிய தொழிலில் ஓராண்டு ஒப்பந்தத்தை நீட்டுவது அநியாயம்.

முடிவைப் பற்றிய வரிகளைத்தான் பலரும் கூச்சப்பட்டு எழுதாமல் விடுகிறார்கள். ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் போட்டிச் சரக்கைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று, குஜராத்தின் பாட்டில் நிறுவனம் ஒன்றுக்கும் கோகோ கோலாவுக்கும் இடையிலான வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்று கட்டிப்போடுவதை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, பொதுவாக ஏற்பதில்லை. பிரிந்த மறுநாளே பழைய டீலர் அதே கடையில் போட்டி நிறுவனத்தின் பலகையை மாட்டலாம். அவரிடம் இத்தனை ஆண்டு வாடிக்கையாளர் பட்டியலும் இருக்கும். டைட்டன் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பக்கம் உண்டு. அமெரிக்காவின் டைமெக்ஸ் இந்தியாவுக்குக் கூட்டு நிறுவனமாக வந்தபோது, அதன் கடிகாரங்களைக் கடைகளுக்குக் கொண்டுசேர்த்தது டைட்டனின் விநியோக அமைப்பு. 1990களின் இறுதியில் இருவரும் பிரிந்தார்கள். டைமெக்ஸிடம் தொழிற்சாலை இருந்தது, பெயர் இருந்தது; கடைக்காரர்களைத் தெரிந்த ஆள்கள் மறுபக்கத்தில் இருந்தார்கள். தனக்கென விநியோக அமைப்பை அது புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அது காலி செய்த விலை அடுக்கில் டைட்டன் சொனாட்டாவை நிறுத்தியது. ஆகவே கையிருப்புச் சரக்கை யார், எந்த விலைக்குத் திரும்ப எடுப்பது, டெபாசிட் எத்தனை நாளில் வரும், உத்தரவாதக் காலம் முடியாத பொருளுக்குப் பழுது பார்ப்பது யார், பலகையை எப்போது இறக்குவது, வாடிக்கையாளர் விவரம் யாருடையது என்ற ஐந்தும் கையெழுத்து நாளிலேயே தாளில் இருக்க வேண்டியவை.